நோரீன் வீட்டுச் சாவிப் பலகை

ஹேஸல் கோர்ட் என்ற எங்கள் அடுக்குமாடிக் கட்டடத்தின் தரைத்தளத்தில், படிக்கட்டை ஒட்டி இருந்த வீடு நோரீன் ஹாஸ்லமுடையது. கதவைத் திறந்ததும் இடது பக்கச் சுவரில் ஒரு பலகை தொங்கும். ஒரு காலத்தில் ரொட்டி வெட்டிய பலகை அது. கத்தித் தழும்புகளின் மேல் வார்னிஷ் அடித்து, தேநீர்க் கோப்பை மாட்டும் கொக்கிகளை அதில் திருகி வைத்திருந்தார். ஒவ்வொரு கொக்கியிலும் எங்கள் கட்டடத்து வீடு ஒன்றின் மாற்றுச் சாவி.

எந்தச் சாவியிலும் வீட்டு எண் கிடையாது. திருடன் வந்தால் அவனுக்கு வேலை சுலபமாகிவிடும் என்பார். எண்ணுக்குப் பதிலாக ஒவ்வொன்றிலும் ஏதாவது ஒரு பொருள் கட்டியிருக்கும். ஒன்றில் கோட்டுப் பொத்தான், ஒன்றில் பிங்கோ பேனாவின் மூடி. இரண்டாம் மாடியில் இருந்த எங்கள் வீட்டுச் சாவியில் பச்சைக் கம்பளி நூலால் ஒரு முடிச்சு. முதல் மாடி யுஸ்தினாவின் சாவியில் ஒரு சிவப்பு மணி. மூன்றாம் மாடி க்ளிஃப் நட்டலின் சாவியில் ஒரு டாமினோ காய், இரண்டு பக்கமும் ஆறு புள்ளிகள் உள்ளது. க்ளிஃப்பே துளை போட்டு வளையத்தில் கோத்துக் கொடுத்தது.

இந்த வழக்கம் தொடங்கியது நோரீனின் கணவர் டென்னிஸ் குளியலறையில் விழுந்த நாளில். நோரீன் அப்போது பள்ளிச் சமையலறையில் வேலையாக இருந்தார். டென்னிஸின் முனகலைக் கேட்டு யாரோ தீயணைப்பு வண்டியைக் கூப்பிட, அவர்கள் கோடரியால் கதவைப் பிளந்து உள்ளே போனார்கள். டென்னிஸ் பிழைத்துக்கொண்டார். கதவு பிழைக்கவில்லை. கட்டடத்துக்குச் சொந்தக்காரரான நகரக் கவுன்சில் புதுக் கதவு போட ஒரு குளிர்காலம் முழுவதும் ஆனது. அதுவரை வாசலில் ஒட்டுப்பலகையை வைத்து அடைத்து, காற்று வராமல் பழைய கம்பளியைத் திணித்து வாழ்ந்தார்கள். அடுத்த வருடமே நோரீன் தன் சாவியை எதிர்வீட்டில் கொடுத்து வைத்தார். எதிர்வீட்டார் தங்கள் சாவியை நோரீனிடம் கொடுத்தார்கள். பிறகு ஒருவரைப் பார்த்து ஒருவராக எல்லாரும் கொடுத்தோம்.

அதனால் எல்லாருக்கும் வசதி. வருடத்துக்கு ஒருமுறை எரிவாயு அடுப்பையும் கொதிகலனையும் பார்க்கக் கவுன்சிலிலிருந்து ஆள் வருவான். வீட்டில் ஆள் இல்லையென்றால் எச்சரிக்கை மேல் எச்சரிக்கையாக வரும், கடைசியில் கோர்ட்டுக்குப் போவோம் என்று மிரட்டுவார்கள். ஷிஃப்ட் வேலைக்குப் போகிறவர்கள் என்ன செய்வது? நோரீன் திறந்து விடுவார். காலி வீடு என்று தெரிந்தாலும் முதலில் தட்டி, "நான்தான், நோரீன்" என்று குரல் கொடுத்துவிட்டுத்தான் சாவியைத் திருகுவார். வந்தவன் வேலையை முடிக்கும் வரை வாசல் மிதியடியில் நிற்பார். அதைத் தாண்டி ஒரு அடி உள்ளே வைக்க மாட்டார். அடுத்தவர் வீட்டை வேடிக்கை பார்ப்பது அவருக்குப் பிடிக்காது.

"காலுதான் மிதியடில நிக்கும், வாய் நிக்காது" என்பார் எங்கள் எதிர்வீட்டு டெர்ரி. அதுவும் உண்மைதான். வந்தவன் கொதிகலனைத் திறந்து மூடுவதற்குள் அந்த வீட்டுக்காரரின் மகன் எங்கே வேலை செய்கிறான், முழங்கால் அறுவை எப்படி ஆனது என்பதெல்லாம் அவன் காதில் விழுந்திருக்கும். எல்லாம் நல்ல செய்தியாகத்தான் இருக்கும். யாரைப் பற்றியும் அவர் கெட்டதாகச் சொல்லி நான் கேட்டதில்லை.

கட்டடத்தின் நிலைமையோ மோசம். சுவர்கள் எப்போதும் ஈரமாகவே இருந்தன. எங்கள் குளியலறைக் கூரையில் கறுப்புப் பூஞ்சை வரைபடம் மாதிரி படர்ந்திருந்தது. நோரீன் ஒவ்வொரு ஞாயிறும் ப்ளீச் ஊற்றித் தன் வீட்டுச் சுவர்களைத் துடைப்பார். துடைத்த இடத்தில் புதன்கிழமைக்குள் மறுபடி வந்துவிடும். அவருடைய நெஞ்சு இரைப்பு படுக்கை விரிப்பை உதறுகிற மாதிரி சத்தம் போடும். இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டப்போகிறோம் என்று கவுன்சில் முன்பும் சொன்னதுண்டு. நூலகத்தில் அட்டையில் செய்த மாதிரிக் கட்டடத்தை வைத்தார்கள், சின்னச் சின்ன மரங்களோடு. பணம் இல்லை என்று இரண்டு முறை தூக்கி உள்ளே வைத்துவிட்டார்கள். அந்த அட்டை மரங்கள் இத்தனை வருடத்தில் நிஜ மரமாகியிருக்கும் என்பார் டெர்ரி.

இந்த முறை விஷயம் வேறு. அரசாங்கம் பாதிப் பணம் தருவதாக எழுதிக் கொடுத்துவிட்டது. மீதியைக் கவுன்சில் போட வேண்டும். தங்கள் பங்குக்கு வழி இருக்கிறது என்று மார்ச் மாதக் கவுன்சில் கூட்டத்தில் ஓட்டெடுத்து உறுதி சொல்லாவிட்டால் அரசாங்கத்தின் பாதி வேறு ஊருக்குப் போய்விடும். இப்போது குடியிருக்கிற ஒவ்வொரு வீட்டுக்காரருக்கும் புதுக் கட்டடத்தில் ஒரு வீடு நிச்சயம், வாடகையும் கவுன்சில் வாடகைதான் என்று எல்லாருக்கும் வாக்குக் கொடுத்தார்கள்.

நோரீன் குடியிருப்போர் சங்கத்தின் தலைவி. இந்த வாக்கை வீடு வீடாக எடுத்துக்கொண்டு போனவர் அவர்தான். சந்தேகப்பட்டவர்களிடம் தன் நெஞ்சைத் தட்டிக் காட்டி, இன்னொரு குளிர்காலம் இதுக்குள்ள தாங்காது என்று சொல்லி ஓட்டுக் கேட்டார். குடியிருப்போரிடையே நடந்த அந்த வாக்கெடுப்பில், புதுக் கட்டடம் வேண்டும் என்று பெரும்பாலானோர் ஓட்டுப் போட்டார்கள்.

கவுன்சிலின் சார்பில் எங்களோடு பேச நியமிக்கப்பட்டவள் நாஸியா. அடுத்த தெருவில் வளர்ந்தவள், என் பள்ளியிலேயே எனக்குச் சில வகுப்பு மேலே படித்தவள். நோரீன் கையால் மதியச் சாப்பாடு வாங்கியவள். முதல் நாளே அதைச் சொல்லிச் சிரித்தாள். நோரீன் அவளுக்குத் தேநீரும் தானே செய்த இஞ்சிக் கேக்கும் கொடுத்தார். நாஸியா வரும்போதெல்லாம் கேக் வந்தது.

ஜனவரியில் ஒரு நாள் அளவெடுக்கும் ஆள் ஒருவரோடு நாஸியா வந்தாள். புது வீடுகளுக்காக ஒவ்வொரு வீட்டின் உள்ளளவும் வேண்டும், யாருக்கு எவ்வளவு இடம் தேவை என்று பார்க்க வேண்டும் என்றாள். பூட்டியிருந்த வீடுகளை மட்டும் திறந்து விட முடியுமா என்று நோரீனைக் கேட்டாள். நோரீன் செருப்பு கூட மாற்றவில்லை. வீட்டுச் செருப்போடு, சாவிகளை ஏப்ரன் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினார்.

அன்று அவர் திறந்துவிட்ட வீடுகளில் யுஸ்தினாவின் வீடும் ஒன்று. அவள் தலைப்பிரசவத்துக்குப் போலந்தில் தன் அம்மா வீட்டுக்குப் போயிருந்தாள். இன்னொன்று க்ளிஃப்பின் வீடு.

க்ளிஃப் நட்டல் பஸ் டெப்போவில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். தனி ஆள். மோர்கம் கடற்கரையில் இருக்கும் அவருடைய அக்கா ஆட்ரிக்கு முந்தைய இலையுதிர் காலத்தில் பக்கவாதம் வந்தது. அக்காவுக்கும் வேறு யாரும் இல்லை. க்ளிஃப் ஒரு பையை எடுத்துக்கொண்டு போனார். போவதற்கு முன் குளிர்பெட்டியின் இணைப்பைப் பிடுங்கி, நாற்றம் அடிக்காமலிருக்க அதன் கதவு மூடாதபடி பாத்திரம் துடைக்கும் துணியைச் செருகிவிட்டுப் போயிருந்தார். எங்கள் கட்டடத்தில் வெளியூர் போகிறவர்கள் எல்லாரும் அப்படித்தான் செய்வோம்.

அளவெடுக்க வந்தவர் அந்தத் துணியைப் படம் எடுத்தார். சமையலறைச் சுவரில் தொங்கிய நாட்காட்டி அக்டோபரிலேயே நின்றிருந்தது. அதையும் எடுத்தார். நோரீன் மிதியடியில் நின்றபடி பார்த்தார். வந்தவர் இந்த வெறும் வீட்டைப் பார்த்து க்ளிஃப்பைப் பற்றி ஏதாவது தப்பாக நினைத்துவிடுவாரோ என்று அவருக்குத் தோன்றியது. அதனால் சொன்னார். பின்னால் என் அம்மாவிடம் அவரே, ஒரு சொல் விடாமல், திரும்பச் சொன்னது இது:

"அவன் இங்க எங்க இருக்கான், பாவம். அக்கா விழுந்ததுலேர்ந்து மோர்கம்லயேதான் கெடக்கான். எப்பவாச்சும் வந்து தபாலை எடுத்துட்டு அடுத்த பஸ்ஸுலயே போயிடுவான். குளிப்பாட்டறது, ஊட்டறது எல்லாம் அவன்தான். அந்த மாதிரி ஒரு தம்பி யாருக்குக் கெடைப்பான் சொல்லுங்க கண்ணு."

நல்ல மனிதர்தான் என்று அவரும் ஒத்துக்கொண்டு, கையிலிருந்த டேப்லெட்டில் ஏதோ தட்டினாராம்.

பிப்ரவரியில் க்ளிஃப் வந்தார். தபாலை எடுத்துக்கொண்டு அடுத்த பஸ்ஸில் போகவில்லை. பிரித்த உறையோடு நேராக நோரீன் வீட்டுக்கு வந்து சமையலறை நாற்காலியில் உட்கார்ந்தார். அவர் அந்த வீட்டில் வசிக்கவில்லை என்று தெரியவந்திருப்பதால் புதுக் கட்டடத்தில் வீடு பெறும் உரிமை அவருக்கு இல்லை என்று கவுன்சில் எழுதியிருந்தது. அவருடைய வீடு காலி வீடாகக் கணக்கில் எடுத்துக்கொள்ளப்படுமாம்.

"செத்துட்டேன்னு எழுதியிருந்தாகூடப் பரவால்ல. கல்லறைக்காவது வாடகை கேக்க மாட்டானுங்க" என்றார் க்ளிஃப். "நான் காலியாம் நோரீன். வாடகை மட்டும் மாசாமாசம் காலி இல்லாம போயிட்டிருக்கு."

நோரீன் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

"பக்கத்துல குடியிருக்கறவர் ஒருத்தர் உறுதிப்படுத்தினார்னு போட்டிருக்கான். யாருன்னு எனக்குத் தெரியாதா? டெர்ரிதான். அவன் சைக்கிளை மாடிப்படில வெக்காதேன்னு சொன்னதுலேர்ந்து என் மேல ஒரு கண்ணு."

தேநீர் கோப்பையை நிறைத்து, தட்டில் வழிந்து, மேசைவிரிப்பில் பரவியது. நோரீன் துணியை எடுத்துத் துடைத்தார். அந்தத் துணியைப் பார்த்ததும் க்ளிஃப்பின் குளிர்பெட்டியில் செருகியிருந்த துணி நினைவுக்கு வந்தது என்று பிறகு சொன்னார். ஆனால் டெர்ரி இல்லை, நான்தான் என்று அன்று சொல்லவில்லை.

எங்கள் பகுதியில் திருடியவனோடும் ஒரு நாள் பேசுவார்கள். குடித்துவிட்டுச் சண்டை போட்டவனை அடுத்த வாரமே மறந்துவிடுவார்கள். அக்கம்பக்கத்தவரை அதிகாரிகளிடம் காட்டிக்கொடுத்தவனை மட்டும் மன்னிப்பதில்லை. க்ளிஃப் யாரிடமும் சத்தம் போடவில்லை. எல்லாரும் டாமினோ ஆடக் கூடும் கிளப்பில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு மோர்கம் போய்விட்டார். அந்த ஒரு வார்த்தை போதுமாக இருந்தது. டெர்ரியின் மேசையில் டாமினோ ஆட யாரும் உட்காரவில்லை. ஏன் என்று அவருக்குப் புரியவில்லை. தன் உடம்பில் ஏதாவது நாற்றம் வருகிறதா என்று என் அம்மாவிடமே கேட்டார்.

நோரீன் டவுன்ஹாலுக்குப் போனார். நாஸியாவைக் கீழே வரச் சொல்லி, வரவேற்பறையில் உட்கார்ந்து கேட்டார். அளவெடுக்கத்தானே வந்தீர்கள், அதற்கும் க்ளிஃப் எங்கே இருக்கிறான் என்பதற்கும் என்ன சம்பந்தம் என்றார்.

நாஸியாவின் முகம் சிவந்துவிட்டதாம். "அளவெடுக்கத்தான் வந்தோம். கூடவே யாரு குடியிருக்காங்கன்னும் பாத்துட்டு வரச் சொன்னாங்க. அதை உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு யாரும் சொல்லல, நோரீன். சொல்லுன்னும் சொல்லல."

பிறகு அவள் மறைக்காமல் விளக்கினாள். குடியிருக்கிற ஒவ்வொரு வீட்டுக்கும் பதிலாகக் கவுன்சில் வாடகை வீடு ஒன்று கட்டியாக வேண்டும். அதில் லாபம் கிடையாது, செலவுதான். காலி வீட்டுக்குப் பதிலாக விற்பனைக்கு ஒரு வீடு கட்டலாம். அப்படி விற்கப்போகிற பணத்தை வைத்துத்தான் கவுன்சிலின் பங்கு சரிக்கட்டப்பட்டிருக்கிறது. அந்தக் கணக்குதான் மார்ச்சில் ஓட்டுக்கு வருகிறது. ஒரு வீட்டைத் திருத்தினால் மற்ற வீடுகளையும் திருத்தச் சொல்வார்கள். திருத்தினால் பணம் போதாது. போதாவிட்டால் தள்ளி வைப்பார்கள். தள்ளி வைத்தால் அரசாங்கப் பணமும் போய்விடும்.

நோரீன் கேட்டார்: "அப்ப க்ளிஃப்போட வீட்டை வித்துத்தான் எனக்கு வீடு கட்டறீங்களா?"

க்ளிஃப் மேல்முறையீடு செய்யலாம் என்று மட்டும் சொன்னாள் நாஸியா. ஆனால் அவர் திரும்பி வந்து அந்த வீட்டில் இருக்க வேண்டும். சொல்லாமல் கொள்ளாமல் வந்து பார்ப்பார்கள், ஒரு முறை அல்ல, பல முறை. நோரீன் எழுந்தபோது அவளும் எழுந்து, உங்களுக்கு இப்படி ஆகும் என்று நினைக்கவில்லை என்றாள். எனக்கு ஒன்றும் ஆகவில்லையே, எனக்குத்தான் வீடு கிடைக்கப்போகிறதே என்றார் நோரீன்.

மார்ச் கூட்டத்தில் குடியிருப்போர் சார்பில் திட்டத்தை ஆதரித்து மூன்று நிமிடம் பேச நோரீனைத்தான் அழைத்திருந்தார்கள். டென்னிஸின் இறுதிச் சடங்குக்குப் போட்ட கறுப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டு வந்தார். எங்கள் கட்டடமே பார்வையாளர்களுக்கான மேல்வரிசையில் உட்கார்ந்திருந்தது. டெர்ரி ஓர் ஓரத்தில், இரண்டு பக்கமும் காலி இருக்கைகளோடு. க்ளிஃப்பும் வந்திருந்தார், கடைசி வரிசையில். ஆட்ரியை ஒரு நாள் பார்த்துக்கொள்ள அடுத்த வீட்டுப் பெண்ணிடம் கெஞ்சிவிட்டு வந்ததாகச் சொன்னார். என் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். எங்களுக்கு அந்த ஓட்டு ஜெயிக்க வேண்டும். அங்கே வந்திருந்த எல்லாருக்குமே ஜெயிக்க வேண்டும்.

நோரீன் மைக்கைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் தொடங்கினார்.

"எங்க கட்டடத்தை இடிக்கணும். அதுல எனக்குச் சந்தேகமில்ல. என் மூச்சைக் கேட்டாலே உங்களுக்குத் தெரியும். புது வீடு எங்களுக்கு வேணும். ஆனா உங்க கணக்குல காலி வீடுன்னு சில வீட்டைப் போட்டிருக்கீங்க. அந்த வீடுகளைத் தொறந்து விட்டது நான். அளவெடுக்கன்னு சொன்னாங்க, தொறந்தேன். க்ளிஃப் நட்டல் அங்க இல்லன்னு சொன்னதும் நான்தான். டெர்ரி இல்ல. க்ளிஃப் எவ்வளவு நல்லவன்னு சொல்றதுக்காகச் சொன்னேன். ஒடம்பு முடியாத அக்காவப் பாத்துக்கப் போனவன் வீடு காலி வீடு இல்ல. புள்ள பெத்துக்கப் போனவ வீடும் காலி இல்ல. அதையெல்லாம் எடுத்துட்டு அப்பறம் ஓட்டுப் போடுங்க. அவ்வளவுதான்."

மூன்று நிமிடம் முழுதாக ஆகவில்லை. தலைமை வகித்த அம்மாள் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, உங்கள் உணர்வு புரிகிறது, தனிப்பட்டவர்களின் விஷயங்களை இந்தக் கூட்டத்தில் பேச விதி இடம் தரவில்லை என்று மரியாதையாகச் சொன்னார். ஓர் உறுப்பினர் தள்ளி வைக்கலாமா என்று கேட்டார். அரசாங்கப் பணத்துக்கான கெடு மாதக் கடைசியோடு முடிகிறது என்று இன்னொருவர் அவருக்கு நினைவுபடுத்தினார். பிறகு கைகளை உயர்த்தினார்கள். திட்டம் நிறைவேறியது.

மேல்வரிசையில் கைதட்டல் எழுந்தது. என் அம்மாவும் தட்டினார். எங்கள் குளியலறைக் கூரை அன்று காலையும் சொட்டிக்கொண்டிருந்தது.

வெளியே படியில் டெர்ரி நோரீனை மறித்தார். "அப்ப என் மேசைக்கு ஒரு நாயும் வராததுக்கு நீதான் காரணமா?"

"ஆமா டெர்ரி."

"நான் வேற புது சோப்பெல்லாம் வாங்கிட்டேன்" என்றார் டெர்ரி. "அந்தக் காசை நீ குடுத்துடு." அதோடு அவருக்கு விஷயம் முடிந்துவிட்டது.

க்ளிஃப் கீழ்ப்படியில் நின்றிருந்தார். நோரீன் போய் எதிரில் நின்றார்.

"நல்லவன்னு சொன்னியாக்கும்" என்றார் க்ளிஃப்.

"ஆமா."

"திட்டியிருக்கலாம் நீ. தெனம் குடிச்சுட்டு வந்து தூங்க விடாம ஆட்டம் போடறான்னு சொல்லியிருந்தா எனக்கு வீடாச்சும் மிஞ்சியிருக்கும்."

அவர் சிரிக்கவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று நடந்துவிட்டார்.

அந்த வாரத்திலிருந்து சாவிகள் போகத் தொடங்கின. யாரும் சண்டை போடவில்லை. என் சாவி தொலைந்துவிட்டது, இதைக் கொடுங்கள் என்றார் ஒருவர். மகன் வந்து தங்கப்போகிறான் என்றார் ஒருவர். பூட்டை மாற்றிவிட்டோம், இது இனி சேராது என்று சொல்லி அதையும் வாங்கிக்கொண்டு போனார் இன்னொருவர். எங்களுடையதை வாங்கி வர அம்மா என்னை அனுப்பினார். நான் என்ன காரணம் சொல்வது என்று படியில் யோசித்துக்கொண்டே இறங்கினேன். கதவைத் திறந்த நோரீன் பச்சை நூல் முடிச்சுள்ள சாவியைக் கொக்கியிலிருந்து எடுத்து என் கையில் வைத்தார். மழை வருமா என்று கேட்டார். வரும் போலிருக்கிறது என்றேன்.

ஏப்ரலில் அவர் இரண்டு பஸ் மாறி மோர்கம் போனார். க்ளிஃப் கதவைத் திறந்துவிட்டு வழியை மறித்தபடியே நின்றாராம். ஆட்ரியை மாடிக்குத் தூக்க முடியாது, எங்கள் கட்டடத்து லிஃப்டை நம்ப முடியாது, அக்காவை விட்டுவிட்டு வந்து அந்த வீட்டில் உட்காரவும் க்ளிஃப்பால் முடியாது. இதுதான் நிலைமை. நோரீன் வாசலில் நின்றே சொன்னார்: என் வீடு தரைத்தளம். ஆட்ரி என் அறையில் இருக்கட்டும். நீ மாடியில் உன் வீட்டில் இரு. எந்த நேரத்தில் வந்து பார்த்தாலும் உன் வீட்டில் உன் படுக்கை விரித்திருக்கட்டும். பகலில் கீழே வா.

"நீ எங்க படுப்ப?" என்று கேட்டார் க்ளிஃப்.

"சோபா எதுக்கு இருக்கு? டென்னிஸ் பாதி நாள் அதுலதான் தூங்கினான்."

உள்ளே நாற்காலியில் இருந்த ஆட்ரிக்குப் பக்கவாதத்துக்குப் பிறகு மிஞ்சிய சொற்கள் கொஞ்சம்தான். அதில் ஒன்றை எடுத்து அன்று பயன்படுத்தினார். "வாயாடி" என்றார், நோரீனைப் பார்த்து.

"அதேதான்" என்றார் நோரீன்.

ஈஸ்டருக்கு முந்தைய வாரம் ஆட்ரி வந்து சேர்ந்தார். முன்வாசல் படியில் சக்கர நாற்காலியை க்ளிஃப் ஒரு பக்கமும் டெர்ரி ஒரு பக்கமும் பிடித்துத் தூக்கினார்கள். ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்ளவில்லை. ஆனால் டெர்ரியின் சைக்கிள் அன்று மாடிப்படியில் இல்லை.

அந்த ஏற்பாடு யாருக்கும் சுகமாக இல்லை. ஆட்ரிக்கு நோரீனைப் பிடிக்கவில்லை, நோரீன் செய்யும் கஸ்டர்ட் மட்டும் பிடித்தது. ரொட்டி கருகியிருந்தால் நல்ல கையால் அதைத் தரையில் தள்ளுவார். நோரீன் குனிந்து எடுப்பார், நிமிர்வதற்குள் இருமல் பிடித்துக்கொள்ளும். சோபா வெளிச்சுவரை ஒட்டி இருந்தது, அந்தச் சுவர்தான் வீட்டிலேயே அதிக ஈரம். க்ளிஃப் மாடியில் குளிர்பெட்டியை ஓட விட்டார், நாட்காட்டியை மாற்றினார். கவுன்சில் ஆள் வந்து பால் புட்டியின் தேதி உட்படப் பார்த்துவிட்டுப் போனார். மறுபடி வந்தார், மறுபடியும் வந்தார். ஒரு முறை கீழே வந்து நோரீன் கதவையும் தட்டி, மேலே நட்டல் எப்போதும் இருக்கிறாரா, உள்ளே நாற்காலியில் இருப்பது யார் என்று விசாரித்தார். அப்போது நான் தபால்பெட்டியருகே இருந்தேன்.

"என் வீட்டுக்கு வந்தவங்க" என்றார் நோரீன். கவுன்சில் ஆள் இன்னும் காத்திருந்தார். நோரீன் கதவை மெதுவாகச் சாத்தினார்.

ஜூலையில் க்ளிஃப்புக்கு உரிமை திரும்பக் கிடைத்தது. அதைச் சொல்ல நோரீன் வீட்டு வாசலுக்கு வந்தார். மிதியடியில் நின்றபடி, "கெடைச்சிருச்சு" என்றார்.

"நல்லது க்ளிஃப்."

"நல்லதுதான்" என்றார். பிறகு கையை நீட்டிப் பலகையிலிருந்து டாமினோ காய் கோத்த சாவியைக் கழற்றினார். "நான்தான் எப்பவும் வீட்டுலயே இருக்கேனே. இது எதுக்கு இங்க." அதில் கோபம் இல்லை. நன்றி என்றும் சொன்னார், கடைக்காரரிடம் சொல்வதுபோல. அதன் பிறகும் தினமும் அக்காவைப் பார்க்க வந்தார். ஆட்ரியோடு பேசினார், நோரீன் போட்ட தேநீரைக் குடித்தார். வானிலை தவிர வேறு எதைப் பற்றியும் அவரிடம் பேசவில்லை.

யுஸ்தினா மே மாதம் குழந்தையோடு திரும்பி வந்தபோதே அவள் வீட்டைக் காலி வீடு என்று சொல்லி, கதவில் இரும்புத் தகடு அடித்து மூடியிருந்தார்கள். பிரசவத்துக்குப் போவதற்கு முன் கவுன்சிலுக்கு அவள் எழுதித் தெரிவித்திருக்க வேண்டுமாம். அவளுக்கு அது தெரியாது. மேல்முறையீட்டுக்கான நாளும் கடந்துவிட்டிருந்தது. நோரீன் அவளைக் கூட்டிக்கொண்டு டவுன்ஹாலுக்கு எத்தனையோ முறை நடந்தார். நாஸியா வேறு பிரிவுக்கு மாறிப்போயிருந்தாள். யுஸ்தினா ஒரு தோழி வீட்டில் தங்கினாள், அங்கிருந்து வேறெங்கோ போனாள். போன இடத்தின் விலாசம் எங்களில் யாரிடமும் இல்லை. அவள் தன் சாவியைக் கேட்டு வரவே இல்லை. திறக்கக் கதவு இல்லாதபோது சாவி எதற்கு?

இப்போது எதிர்ப்புறக் கட்டடத்தை இடிக்கிறார்கள். நாள் முழுவதும் தூசி. எங்கள் முறை அடுத்த வருடம் வரும். அதுவரை எரிவாயு பரிசோதனை நடந்தாக வேண்டும். போன வாரம் அந்த ஆள் வந்தார், பல வருடமாக வருகிறவர். மேலே போய்ப் பூட்டிய கதவுகளைத் தட்டிப் பார்த்துவிட்டு இறங்கி வந்து, வழக்கம்போல நோரீன் கதவைத் தட்டினார். நான் குப்பை போட்டுவிட்டு வந்துகொண்டிருந்தேன்.

"நோரீன், மேல நாலஞ்சு வீடு பூட்டிக் கெடக்கு. கொஞ்சம் தொறந்து விடறீங்களா?"

"எங்கிட்ட சாவி இல்ல கண்ணு."

"எப்ப வருவாங்க, எங்க போயிருக்காங்கன்னு ஏதாச்சும்..."

"எனக்குத் தெரியாது."

அவருக்கு நம்ப முடியவில்லை. நோரீனுக்கு ஒன்று தெரியாமலிருந்து அவர் பார்த்ததில்லை. எட்டிப் பலகையைப் பார்த்தார். வெறும் கொக்கிகள் வரிசையாக இருந்தன. கடைசிக் கொக்கியில் மட்டும் சிவப்பு மணி கட்டிய ஒரு சாவி.

"இது ஒண்ணு இருக்கே. இது யாருது? மொத மாடில தகடு அடிச்சிருக்கே, அந்தக் காலி வீடா?"

நோரீன் திரும்பிச் சாவியைப் பார்த்தார். இரண்டு முறை இருமினார்.

"காலி வீடு இல்ல அது" என்றார். "அங்க குடியிருக்கறவங்களோடது."